கேமரா வாங்கப் போகிறீர்களா? சொதப்பிய படங்களிலிருந்து தொடங்குங்கள்

"எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் பணம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. "கடைசியாக எடுத்ததில் எந்தப் படம் சொதப்பியது, காட்டுங்கள்" என்பேன். பாதிப் பேர் விழிப்பார்கள். சொதப்பியதை யார் பத்திரப்படுத்தி வைப்பார்கள்? ஆனால் எந்த கேமரா வேண்டும் என்பதற்கான பதில் அந்தப் படங்களில்தான் இருக்கிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் பாடியை (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா உடலை) பிடித்துவிடுகிறார்கள். பணம் அதிலேயே தீர்ந்துபோக, பெட்டியில் கூட வந்த லென்ஸோடு வீடு திரும்புகிறார்கள். படம் போனில் வந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்றதும் கேமரா அலமாரிக்குப் போய்விடுகிறது. நான் சொல்லும் வரிசை அதற்குத் தலைகீழ்: முதலில் படம், அப்புறம் லென்ஸ், அதற்கேற்ற சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு), கடைசியில்தான் பாடி. மாடல் பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. அது வருடத்துக்கு வருடம் மாறும்.

தொடங்குவதற்கு முன் மூன்று வேண்டும். உங்கள் போன், ஒரு தாள், "இதற்கு மேல் ஒரு காசு கிடையாது" என்று நீங்களே முடிவுசெய்த ஒரு தொகை. தொகையை இப்போதே தாளின் மேல் எழுதிவிடுங்கள். கடையில் போய் முடிவுசெய்தால் அது ஏறத்தான் செய்யும்.

1. சொதப்பிய படங்களை ஒன்றுசேருங்கள்

போனில் கடந்த ஆறு மாதப் படங்களைப் புரட்டி, "நன்றாக வந்திருக்கக் கூடாதா" என்று தோன்றியவற்றை ஒரு ஆல்பத்தில் போடுங்கள். முப்பது கிடைத்தால் போதும். நீக்கிய படங்களின் கூடையையும் திறந்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் அவை சுமார் 30 நாள் கிடக்கும். உண்மையான சொதப்பல்கள் அங்கேதான் இருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு காரணம் எழுதுங்கள்: தூரம், இருட்டு, அசைவு, பின்னணி பிரியவில்லை (ஆளும் பின்னால் உள்ளதும் ஒரே கூர்மை), மிகச் சிறிய பொருள், இடம் போதாமல் எல்லாரும் அடங்கவில்லை. வீடியோவும் எடுப்பவரானால் ஆட்டம், சத்தம் என்று இன்னும் இரண்டு சேரும்.

"மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் எழுதக் கூடாது. மங்கலில் மூன்று சாதி உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஆள் அசைந்திருக்கிறார். ஷட்டர் (வெளிச்சத்தை ஒரு கணம் உள்ளே விட்டு மூடும் திரை) வேகம் போதவில்லை என்று பொருள். படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. ஆள் மங்கலாகி அவருக்குப் பின்னால் உள்ள கதவு பளிச்சென்று இருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

கை ஆட்டத்துக்கு, அதைத் தானே ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் வசதி உதவும். ஆள் அசைவுக்கு அது துளியும் உதவாது, அதற்கு அதிக வெளிச்சம் வாங்கும் லென்ஸ் வேண்டும். ஃபோகஸ் தவறுக்கு நல்ல ஆட்டோஃபோகஸ் உள்ள பாடி வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று வாங்கி, ஓடும் குழந்தையின் படம் இன்னும் இழுபடுகிறது என்று வருந்துபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. எதுவும் இழுபடவில்லை, ஆனால் முடியும் துணியும் நீர்வண்ணம் தீட்டியதுபோல் கரைந்திருக்கும். இருட்டில் எழுந்த இரைச்சலை (மணல் தூவியதுபோன்ற புள்ளிகளை) போன் துடைக்கும்போது நுணுக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. இதை "இருட்டு" கணக்கில் எழுதுங்கள்.

தாளில் எந்தக் காரணம் அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். முதல் இரண்டு காரணங்கள்தான் உங்கள் தேவை. மற்றதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

2. கேமரா வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்

பட்டியலில் பாதிக்கு மேல் "சூரியன் முகத்துக்குப் பின்னால்", "தலை வெட்டுப்பட்டது", "கண் மூடியது" என்று வந்தால் எந்த கேமராவும் அதைச் சரிசெய்யாது. காசை வைத்துக்கொண்டு, நின்று எடுக்கும் இடத்தை மாற்றிப் பழகுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கிய முதல் இரவே பலர் ஏமாந்துபோகிறார்கள், போனில் எடுத்த இரவுப் படம் இதைவிட வெளிச்சமாக இருக்கிறதே என்று. போன் ஒரு தடவை தட்டினால் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கிக் கொடுக்கிறது. கேமரா பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுக்கும். அதற்கேற்ற லென்ஸும், ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை), ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்) மூன்றையும் கையாளும் பழக்கமும் வந்த பிறகுதான் போனை முந்தும். அந்தப் பழக்கத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்க முடியாது என்றால், நல்ல கேமரா உள்ள போன் வாங்குவதே மேல்.

3. காரணத்தை லென்ஸாக மாற்றுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். படத்தில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதியை லென்ஸ்தான் உண்டாக்குகிறது.

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். மி.மீ. கணக்கில் இருப்பது குவியத்தூரம், அதாவது எவ்வளவு கிட்டே இழுக்கும் என்பது. எஃப் எண் எவ்வளவு வெளிச்சம் வாங்கும் என்பதைச் சொல்லும். எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்.

உங்களுக்கு எத்தனை மி.மீ. தேவை என்பதைப் போனை வைத்தே கண்டுபிடிக்கலாம். வழக்கமாக நீங்கள் நிற்கும் இடத்தில் நின்று, வேண்டிய சட்டகம் கிடைக்கும்வரை போனில் ஜூம் செய்யுங்கள். படத்தின் தரத்தைப் பார்க்க வேண்டாம், திரையில் தெரியும் மடங்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போன்களின் முதன்மை கேமரா ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ. கோணம் கொண்டது. ஆகவே மடங்கை 24 ஆல் பெருக்கினால் போதும். மேடையில் இருப்பவரைப் பிடிக்க 6 மடங்கு ஜூம் செய்தால் சுமார் 150 மி.மீ. தேவை. மரத்து உச்சிப் பறவைக்கு 20 மடங்கு என்றால் 480. அறைக்குள் எல்லாரையும் அடக்க 0.5 மடங்கு என்றால் 12, 13 மி.மீ. அளவுக்கு அகலமான கோணம் வேண்டும். இந்த எண்களெல்லாம் ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரின் கணக்கில். மற்ற சென்சாருக்கு எப்படி மாற்றுவது என்பது அடுத்த படியில்.

எஃப் எண்ணுக்கு வருவோம். என் அக்கா மகன் புது கேமரா வாங்கிய வாரம், பள்ளி மேடை நடனப் படம் ஒன்றை அனுப்பி, "மாமா, புது கேமராவிலயும் இப்படித்தான் வருது" என்றான். கைகளும் பாவாடை ஓரமும் கரைந்து போயிருந்தன. பின்னால் தொங்கிய திரைச்சீலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளிவு. படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன்: 55 மி.மீ., எஃப் 5.6, 1/25 நொடி, ஐஎஸ்ஓ 6400. கூட வந்த 18–55 லென்ஸை முழுக்க ஜூம் செய்திருக்கிறான். அந்த முனையில் அந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல் திறக்காது.

"பாடியை மாத்தணுமா மாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை இரவல் கொடுத்தேன். வெளிச்சம் எஃப் எண்ணின் வர்க்கத்தில் மாறும்: 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய 9.7. கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே மேடை, அதே ஐஎஸ்ஓ, 1/25 நொடி இருந்த இடத்தில் 1/250 கிடைக்கும். அடுத்த நிகழ்ச்சியில் விரல்கள் தெரிந்தன. பாடி அதேதான்.

இனி உங்கள் பட்டியலைப் பாருங்கள்.

"இருட்டு", "அசைவு" முதலில் வந்தால் எஃப் 1.8 அல்லது எஃப் 2 உள்ள பிரைம் லென்ஸ். ஜூம் இல்லை, நடந்துதான் கிட்டே போக வேண்டும். அதற்கு ஈடாக விலையும் எடையும் குறைவு. இடம்விட்டு நகர முடியாத நிகழ்ச்சிகளுக்கு எஃப் 2.8 ஜூம். எஃப் 5.6ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும், ஆனால் கனமும் விலையும் கூடவே வரும்.

"பின்னணி பிரியவில்லை" என்றாலும் பிரைம்தான், 50 முதல் 85 மி.மீ. வரை.

"தூரம்" என்றால் மேடைக்கும் விளையாட்டுக்கும் 200 வரை, பறவைக்கு 400 முதல் 600 வரை. இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். ஜூம் மடங்கின் எண்ணைப் பார்த்து மயங்கி, லென்ஸ் கழற்ற முடியாத ஒரு கேமராவை வாங்கினேன். நிலா அழகாக வந்தது. காலை ஏழு மணிக்கு நிழலில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி வெறும் நீலக் கறையாக வந்தது. ஜூம் நீளும்போது அந்த லென்ஸின் எஃப் எண் ஏறிக்கொண்டே போகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. ஜூம் லென்ஸில் "3.5–5.6" என்பதுபோல் இரண்டு எண்கள் இருந்தால், இரண்டாவதுதான் நீளமான முனைக்கு உரியது. தூரத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் அந்த இரண்டாவது எண்ணை மட்டும் பாருங்கள்.

"மிகச் சிறிய பொருள்" என்றால் 1:1 மேக்ரோ. பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் சென்சாரில் விழும் என்பது இதன் பொருள். பெயரில் மேக்ரோ என்று போட்டிருக்கும் ஜூம்கள் பல 1:3, 1:4 அளவோடு நின்றுவிடும்.

4. லென்ஸுக்கேற்ற சென்சார் அளவு

ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6, கேனானில் கொஞ்சம் சிறிது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13. "ஒரு அங்குலம்" என்று சொல்லப்படுவது 13.2 × 8.8 மி.மீ. (எந்தப் பக்கம் அளந்தாலும் அங்குலம் வராது, பழைய வீடியோ குழாய்களின் அளவிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.) மலிவான காம்பேக்ட்களிலும் நீள ஜூம் கேமராக்களிலும் இருக்கும் 1/2.3 அங்குல சென்சார் வெறும் 6.2 × 4.6. ஃபுல் ஃப்ரேமின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு.

போன படியில் குறித்த மி.மீ. எண்ணை ஏபிஎஸ்-சிக்கு 1.5ஆலும், கேனான் ஏபிஎஸ்-சிக்கு 1.6ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2ஆலும் வகுங்கள். 150 தேவை என்றால் ஏபிஎஸ்-சியில் 100 மி.மீ. லென்ஸ் போதும். 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 போல் நடந்துகொள்ளும். "எல்லாரும் 50 வாங்கச் சொன்னார்கள், வீட்டுக்குள் எடுத்தால் சுவரில் முதுகு இடிக்கிறது" என்று புலம்புபவர்கள் இந்த வகுத்தலைச் செய்யாதவர்கள். ஏபிஎஸ்-சியில் அந்த வேலைக்கு 35 மி.மீ. வேண்டும்.

பெரிய சென்சார் அதிக வெளிச்சத்தைச் சேர்க்கும், இருட்டில் சுத்தமான படம் தரும். உண்மைதான். ஆனால் சென்சார் வளர்ந்தால் லென்ஸும் வளரும். ஃபுல் ஃப்ரேம் பாடியும் 24–70 எஃப் 2.8 லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரை கிலோவைத் தொடும். அதைப் பயணத்தில் தினமும் கழுத்தில் மாட்டுவேன் என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

என் கணக்கு இது: முதல் கேமராவாக வாங்கும் பெரும்பாலோருக்கு ஏபிஎஸ்-சி சரி. எடைதான் பிரச்சினை, பறவை அல்லது மேக்ரோதான் ஆசை என்றால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், ஏனென்றால் 300 மி.மீ. லென்ஸிலேயே 600இன் கோணம் கிடைத்துவிடும். இருட்டில் தொடர்ந்து வேலை செய்பவருக்கு, அதுவும் லென்ஸுக்கும் பணம் மிஞ்சினால், ஃபுல் ஃப்ரேம். சட்டைப்பையில் போக வேண்டும் என்றால் ஒரு அங்குல காம்பேக்ட். 1/2.3 அங்குலத்தை நான் பரிந்துரைப்பதில்லை, வெயிலில் நிலவையும் பறவையையும் மட்டும் எடுப்பவரைத் தவிர. (நிலவு வெயிலில் நனைந்த பாறைதான், அதனால் அதையும் சேர்த்தேன்.)

மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20 × 13 அங்குலம் அச்சிடலாம். 4கே டிவி காட்டுவதே 8.3 மெகாபிக்சல்தான். எண்ணை இரண்டு மடங்காக்கினாலும் ஒரு பக்கம் 1.4 மடங்குதான் நீளும். தூரத்துப் பறவையை வெட்டிப் பெரிதாக்குபவருக்கு மட்டும் இது கணக்கு.

5. மவுண்ட்டைச் சரிபாருங்கள்

லென்ஸ் மாட்டும் வளையம்தான் மவுண்ட். பாடியை நான்கைந்து வருடத்தில் மாற்றுவீர்கள், லென்ஸ்கள் அதற்கப்புறமும் கூட வரும். ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட மவுண்ட்டின் பெயர் முக்கியம். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத மவுண்ட்கள் உண்டு, புதியவர்கள் விழும் பள்ளம் இது.

கேனானில் டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை) இஎஃப், இப்போதைய மிரர்லெஸ்ஸுக்கு (அந்தக் கண்ணாடி இல்லாத வகை) 2018இல் வந்த ஆர்எஃப். நிக்கானில் டிஎஸ்எல்ஆருக்கு எஃப் மவுண்ட், மிரர்லெஸ்ஸுக்கு அதே 2018இல் வந்த இசட். சோனி மிரர்லெஸ்ஸுக்கு இ, ஃபியூஜிஃபில்மின் ஏபிஎஸ்-சிக்கு எக்ஸ். லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் எல் மவுண்ட்டைப் பகிர்கின்றன.

பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் வைத்துப் புதிய மிரர்லெஸ்ஸில் மாட்டலாம். திருப்பி மாட்ட முடியாது. காரணம், இஎஃப்இல் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ., ஆர்எஃப்இல் 20 மி.மீ. மிச்சமிருக்கும் 24 மி.மீ. இடத்தில் அடாப்டர் உட்காரும். எதிர்த்திசையில் உட்கார இடமே இல்லை.

இரண்டு பொறிகள். கேனானின் பழைய இஎஃப்-எம் மிரர்லெஸ்கள் பயன்படுத்திய சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் லென்ஸ்கள் ஆர்எஃப் பாடியில் ஏறாது, அந்த வரிசையும் நின்றுபோனது. நிக்கானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களான டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

நீங்கள் 3ஆம் படியில் குறித்த லென்ஸ் எந்த மவுண்ட்டில், உங்கள் தொகைக்குள் கிடைக்கிறது என்று தேடுங்கள். பல பேருக்கு இந்த ஒரு தேடலிலேயே இரண்டு மூன்று பாடிகள்தான் மிஞ்சும். டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸா என்ற வாக்குவாதமும் இங்கேயே முடிந்துவிடும். புதிதாக வாங்குவதானால் மிரர்லெஸ், ஏனென்றால் புதிய லென்ஸ்கள் அதற்குத்தான் வருகின்றன. பயன்படுத்தியது போதும் என்றால், அதே காசுக்கு டிஎஸ்எல்ஆரில் ஒரு லென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும்.

6. பாடியைக் கையில் பிடித்துப் பாருங்கள்

உங்கள் மெமரி கார்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கேமராவின் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும், வீட்டில் பெரிய திரையில் பார்த்தால்தான் நிலவரம் விளங்கும்.

வாங்கப்போகும் லென்ஸ் மாட்டிய நிலையில் பிடியுங்கள். சுண்டுவிரல் பிடிக்கு வெளியே தொங்கினால் அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். வியூஃபைண்டரில் கண் வைத்தபடியே, பார்க்காமல் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் மாற்றிப் பாருங்கள். விரல் தேடிக்கொண்டிருந்தால் படத்தின் தருணம் போய்விடும்.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே பாருங்கள். என் நண்பர் ஒருவர் கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து வாங்கினார். வீட்டில் கண்ணாடியோடு பார்த்தால் சட்டகத்தின் நான்கு மூலையும் தெரியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார் பாவம். வியூஃபைண்டர் ஓரத்தில் உள்ள டயாப்டர் சக்கரத்தைத் திருப்பி எழுத்துகள் கூர்மையாவதையும் பாருங்கள். அதைத் திருப்பாமல் "கேமரா மங்கல்" என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

ஆட்டோஃபோகஸைச் சோதிக்க, கூட வந்தவரை உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லித் தொடர்ந்து எடுங்கள். பத்துப் படத்தில் எத்தனையில் கண் கூர்மை என்று எண்ணுங்கள். "அசைவு" அல்லது ஃபோகஸ் தவறு உங்கள் பட்டியலில் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நொடிக்கு 20 படம் என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். ஐந்து நொடி அழுத்தினால் நூறு படம், உட்கார்ந்து பொறுக்குவது நீங்கள்தான். "வெதர் சீல்" என்பது தூறலுக்கு, முழுகுவதற்கு இல்லை. லென்ஸிலும் அந்த அடைப்பு இருந்தால்தான் பயன். பேட்டரி, மிரர்லெஸ்ஸில் ஒரு சார்ஜுக்கு 300 முதல் 500 படம் என்று போட்டிருக்கும், பல டிஎஸ்எல்ஆர்களில் 800க்கு மேல்.

7. வீடியோவும் எடுப்பீர்கள் என்றால்

நான்கு கேள்விகள் போதும். 3.5 மி.மீ. மைக் துளை இருக்கிறதா? 4கே எடுக்கும்போது சட்டகத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா? திரை முன்பக்கம் திரும்புகிறதா? நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓடும்? பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானே நின்றுவிடும், புதியவற்றில் சில சூடாகி நிற்கும். உரையையோ கச்சேரியையோ முழுதாகப் பதிபவர் கடைசிக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

8. தொகையைப் பிரியுங்கள்

தாளின் மேல் எழுதிய தொகையில் லென்ஸுக்குப் பாதி, பாடிக்கு நூற்றில் முப்பத்தைந்து, மீதி உதிரிகளுக்கு. இது என் பிரிவினை, கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். பாடி பாதியைத் தாண்டினால் ஒரு தலைமுறை பழைய பாடிக்கு இறங்குங்கள், லென்ஸைக் குறைக்காதீர்கள்.

உதிரிகளில் கட்டாயம்: இன்னொரு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, ஊதும் ரப்பர் குமிழ், படங்களைச் சேமிக்க ஒரு ஹார்ட் டிஸ்க். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா திருத்தாமல் தரும் மூலப் படம்) ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி வரும், ஆயிரம் படம் எடுத்தால் 30 ஜிபி வரை போய்விடும்.

கார்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 என்ற குறி இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். கேமரா 4கே வீடியோவுக்கு 100 மெகாபிட் என்று சொன்னால் பயப்பட வேண்டாம், எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்தான், வி30 தாராளம். ஆனால் மணிக்கு 45 ஜிபி தின்னும். 64 ஜிபி கார்டு ஒன்றரை மணிகூட வராது.

9. பயன்படுத்திய கேமரா வாங்குவதானால்

கைவிளக்கு, உங்கள் கார்டு, ஒரு வெள்ளைத் தாள் எடுத்துச் செல்லுங்கள். வரிசையாகச் செய்யுங்கள், பேச்சுக்கொடுத்து அவசரப்படுத்தினாலும் விட வேண்டாம்.

முதலில் லென்ஸ். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து விளக்கடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஓரிரு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல் நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை, திரும்பி வந்துவிடுங்கள். ஃபில்டர் மாட்டும் வளையம் நசுங்கியிருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது.

அடுத்து சென்சார். எஃப் 16, ஐஎஸ்ஓ 100 வைத்து, வேண்டுமென்றே ஃபோகஸை மங்கலாக்கி, வெள்ளைத் தாளை எடுங்கள். சிறிய அப்பர்ச்சரில்தான் தூசியின் நிழல் தெளிவாக விழும், எஃப் 2இல் எடுத்தால் எதுவும் தெரியாது. மங்கலான வட்டப் புள்ளிகள் தூசி, துடைத்தால் போகும். கோடாக இருந்தால் கீறல், போகாது. பின்பு லென்ஸை மூடியே ஒரு படம் எடுத்து, கருப்பில் வண்ணப் புள்ளிகள் மின்னுகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது ஷட்டர் எண்ணிக்கை. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டரைச் சுமார் ஒரு லட்சம் தடவைக்கு என்று கணக்கிட்டிருப்பார்கள், நடுத்தரத்தில் ஒன்றரை, இரண்டு லட்சம். அது ஆயுளின் எல்லை இல்லை, ஒரு மதிப்பீடு. சில நிறுவனங்கள் எண்ணிக்கையைப் படக் கோப்பிலேயே எழுதிவைக்கும், சிலவற்றுக்குத் தனி மென்பொருள் வேண்டும். விற்பவரை அன்று எடுத்த ஒரு படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

கடைசியாக, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் திருப்பி, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் வைத்துப் பாருங்கள். பாடியில் உள்ள வரிசை எண்ணும் ரசீதில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அந்த மாடலுக்கான பேட்டரி இன்னும் புதிதாகக் கிடைக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும் கேமராக்கள் பேட்டரி கிடைக்காமல் மூலையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

10. வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு எந்தத் தேதி என்று ரசீதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் செய்ய வேண்டிய சோதனைகள் இவை.

கார்டு முழுவதும் நிரம்பும்வரை படமோ வீடியோவோ எடுத்து, எல்லாக் கோப்பும் கணினியில் திறக்கிறதா என்று பாருங்கள். போலிக் கார்டு அச்சிட்ட அளவை எட்டும் முன்பே காலைவாரும். வீடியோவுக்காகத்தான் வாங்கினீர்கள் என்றால் நிஜ நிகழ்ச்சியின் நீளத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள்.

லென்ஸுக்கு, ஒரு செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கேமராவை ஆடாமல் நேராக நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படமும் எஃப் 8இல் ஒரு படமும் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். நான்கும் நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. இடது மூலைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெளிந்து, வலது மூலைகள் மட்டும் கரைந்திருந்தால், ஒன்று கேமரா கோணலாக நின்றிருக்கும், இல்லையென்றால் லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்கும். கேமராவைச் சரிசெய்து இன்னொரு முறை எடுங்கள். மறுபடியும் அதே பக்கம் கரைந்தால் இரண்டு படத்தையும் கார்டிலேயே வைத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் கடைக்குப் போய் வேறு லென்ஸ் கேளுங்கள்.